ஹாலிஸின் வலது கை

லாஸ் வேகாஸில் போக்கர் மேசையில் உட்காருகிறவர்கள் கடவுளை நம்புகிறார்களோ இல்லையோ, ஒரு விஷயத்தைக் கட்டாயம் நம்புவார்கள். பந்தயம் கட்டிய பிறகு ஒருவனுடைய கை நடுங்கினால் அவனிடம் பெரிய சீட்டு இருக்கிறது. வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவன் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வான். பயத்தில் நடுங்குகிறான், பொய் சொல்கிறான் என்று நினைத்து எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மறுநாள் பஸ்ஸில் ஊர் திரும்புவான். உண்மையில் பொய் சொல்கிறவனுடைய கை கல்லாக இருக்கும். மூச்சைக்கூட எண்ணி எண்ணி விடுகிறவனுக்குக் கை எப்படி நடுங்கும்? நல்ல சீட்டு வந்தவனுக்குத்தான் உடம்பு சொன்னபடி கேட்காது. இந்த ஊரில் இது வேதவாக்கு. வேதத்தைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் வேதத்தை மீறினால் அன்றைக்கே நஷ்டம் வருவதில்லை.

ஆகவே போன நவம்பரில் ஹாலிஸ் கார்னரின் வலது கை நடுங்க ஆரம்பித்தபோது, அதை முதலில் கவனித்தவர் வைத்தியர் அல்ல. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு லாரி முதலாளி.

ஹாலிஸிடம் அப்போது இருந்தது ஒன்றுக்கும் உதவாத சீட்டு. சில்லுகளை நடுவில் தள்ளிவிட்டுக் கையைப் பச்சைத் துணியின் மேல் ஓய்வாக வைத்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டுவதுபோல் தாமாகவே ஆடத் தொடங்கின. லாரி முதலாளி அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு தன்னிடமிருந்த எட்டுகளை மேசைக்கே காட்டினார். மேசையில் கிடந்ததோடு சேர்த்து மூன்று எட்டு.

"மூணு எட்டு. ஆனா அவர் கையைப் பாருங்க. நான் என்ன முட்டாளா?" என்று சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார்.

ஹாலிஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. அதுவும் உடனே வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில், தன்னுடைய பழைய பிக்கப் வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் திருகாமல் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது.

அவருக்கு வயது அறுபத்துமூன்று. டெக்ஸஸில் அமரில்லோவிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்து, வருஷா வருஷம் இங்கே நடக்கும் கோடைப் போக்கர் தொடரில் இரண்டு முறை ஜெயித்து, ஜெயித்தவருக்குத் தரும் தங்கக் காப்பை வாங்கியவர். மேசையில் அவருக்கு டீக்கன், அதாவது சர்ச் உபதேசியார், என்று பெயர். கெட்ட வார்த்தை பேசமாட்டார், ஆடும்போது குடிக்கமாட்டார், ஒருவனைத் துடைத்தெடுத்து வீட்டுக்கு அனுப்பும்போதுகூட "மன்னிக்கணும்" என்பார். இரண்டாவது காப்புக்குப் பிறகு பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. இடையில், கம்ப்யூட்டரில் ஆட்டம் கற்ற பையன்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். அவர்கள் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, சதவிகிதத்தைப் பார்க்கிறார்கள். முகத்தைப் பார்த்தே பிழைத்த ஹாலிஸுக்கு, வீட்டில் யாரும் இல்லாத கதவைத் தட்டுகிற விற்பனைக்காரனின் நிலைமை. அப்படிப்பட்ட பையன்களும் இந்தக் கையை மட்டும் பார்த்தார்கள். அதுதான் வேடிக்கை.

பிப்ரவரியில் அவர் யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊரான ஹெண்டர்சனுக்குப் போய் டாக்டர் அல்மாஸைப் பார்த்தார். டாக்டர் அவரை நடக்கவிட்டார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். கடைசியில் பார்க்கின்சன் என்றார்.

"வேலை செய்யும்போது கை அடங்கிடும். சும்மா வச்சிருந்தா ஆடும். டென்ஷன் வந்தா கூட ஆடும். மாத்திரை எழுதித் தரேன், இன்னிக்கே ஆரம்பிங்க."

"ஆரம்பிச்சா நடுக்கம் குறையுமா?"

"உங்களுக்கு நல்லாவே குறையும்னு நினைக்கிறேன்."

"நல்லாவேன்னா எவ்வளவு?"

"பக்கத்துல உக்காந்திருக்கறவருக்கே தெரியாத அளவுக்கு."

ஹாலிஸ் யோசித்தார். "அப்போ ஜூலைக்கு அப்புறம் பாத்துக்கலாம், டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனையோ வருஷமா வைத்தியம் பாக்கறேன். நடுக்கத்தைப் பத்திரமா வச்சுக்கணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான். என்ன வேலை பாக்கறீங்க?"

"உக்காந்து செய்யற வேலை."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"வீட்ல சொல்லுங்க. தனியா சுமக்கற வியாதி இல்ல இது."

"சொல்லிடறேன்" என்றார் ஹாலிஸ். அதைச் சொன்னபோது அவருடைய முகம் அமைதியாக, நேர்மையாக, களங்கமில்லாமல் இருந்தது. அந்த முகம் இரண்டு காப்பு வாங்கிய முகம்.

அவர் மனைவி பெர்லா, பிலிப்பைன்ஸில் இலோயிலோவைச் சேர்ந்தவள். டவுன்டவுன் கிளப் ஒன்றில் டீலராக இருபத்தெட்டு வருஷம் சீட்டுப் போட்டவள். நாலு வருஷத்துக்கு முன் முழங்கால் மறுத்துவிட்டதால் வேலையிலிருந்து நின்றாள். அவள் போட்ட மேசையில்தான் ஹாலிஸ் அவளைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மேசையில் அவர் உட்காரக் கூடாது என்பது கிளப் விதி. வீட்டுக்கு அவள் ஒரு விதி வைத்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பொய்யையும் கழற்றிவிட வேண்டும். மேசையில் ஆயிரம் பொய் சொல்லட்டும், அது தொழில். உள்ளே ஒன்றுகூடக் கூடாது. முப்பது வருஷம் ஹாலிஸ் அந்த விதியை மீறியதில்லை. ஒருமுறை அவள் வாங்கிய திரைச்சீலை அசிங்கமாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் கஷ்டமான வாரம்.

இப்போது அவர் வீட்டுக்குள் கையைப் பேன்ட் பையில் விட்டுக்கொண்டே நடமாடினார். டிவி பார்க்கும்போது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தான் பொய் எதுவும் சொல்லவில்லை, வெறுமனே சொல்லாமல்தான் இருக்கிறோம் என்று தனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டார். ஜூலையில் மூன்றாவது காப்பை அவள் மடியில் வைத்துவிட்டு, அப்படியே இதையும் சொல்லிவிடலாம். நல்ல செய்தியோடு சேர்த்துச் சொன்னால் கெட்ட செய்தி கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு.

மேசையிலோ கைக்கு வேறு வாழ்க்கை. நல்ல சீட்டு வந்தால் வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லோரும், கை ஆடுவது தெரியவில்லை, வெத்துச்சீட்டு என்று வந்து மாட்டுவார்கள். வெத்துச்சீட்டு வந்தால் கையை எடுத்துத் துணியின் மேல் காட்சிக்கு வைப்பார். எல்லோரும் கவிழ்த்துவிட்டு ஓடுவார்கள். நான் நடிக்கவில்லை, கை ஆடுகிறது, அவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பது இங்கே அவருடைய விளக்கம். ஆக, வீட்டுக்கு ஒரு விளக்கம், மேசைக்கு ஒரு விளக்கம். இரண்டும் தனித்தனியே நன்றாகத்தான் இருந்தன. ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் வேலையை அவர் ஒத்திவைத்திருந்தார்.

ஏப்ரலில் லானி அவரை ஒரு காபிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். லானி டீக் முப்பது வருஷ சிநேகிதர். ஜெயித்ததைவிடத் தோற்றதை அழகாகச் சொல்லத் தெரிந்தவர்.

"டேய் டீக்கன், ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"பெரிய சீட்டு வந்தா உனக்குக் கை உதறுதுடா."

"அப்படியா?"

"அப்படியாவா! ஊருக்கே தெரியும். வேற எவனும் உன்கிட்ட சொல்லமாட்டான். உன் கையப் பாத்துத்தானே அவனவன் தப்பிச்சுக்கிட்டிருக்கான். செவ்வாய்க்கிழமை நான் ரெண்டு ஜோடியக் கவிழ்த்தேனே, எதுக்குன்னு நினைக்கற? உன் கைதான்! சொல்லக் கூடாது, ஆனா நீ என் சிநேகிதன். மனசு கேக்கல. ஒரு கையுறை வாங்கிப் போட்டுக்க."

செவ்வாய்க்கிழமை ஹாலிஸிடம் இருந்தது ஒரு ராணியும் ஒரு மூன்றும். ஜோடிகூட இல்லை.

"நல்லவேளை, தப்பிச்சே" என்றார் ஹாலிஸ்.

"தப்பிச்சேன்ல!" என்று லானி சந்தோஷமாக ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டினார். ஹாலிஸ் தன் துண்டையும் லானியின் பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டு துண்டுக்கும் அவரே பணம் கொடுத்தார்.

கோடைத் தொடரின் பெரிய ஆட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்தார்கள். எட்டாவது நாள் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். ஒன்பதாவது நாள் இரண்டு பேர். ஒருவர் ஹாலிஸ். மற்றவன் டோபின் லிண்ட்குவிஸ்ட், மினசோட்டாவில் கணக்குப் படித்த இருபத்துநான்கு வயதுப் பையன். தலையை மூடிய சட்டை, கறுப்புக் கண்ணாடி, தொண்டை தெரியாமல் சுற்றிய துணி. அவனிடமிருந்து வெளியே தெரிவது மூக்கு ஒன்றுதான். அந்த மூக்கிலும் எந்தத் தகவலும் இல்லை. கடைசி ஆட்டத்தை அடுத்த நாள் மதியத்துக்கு வைத்தார்கள்.

அன்று காலை ஹாலிஸ் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பெர்லா பூண்டு போட்டு வறுத்த சாதமும் முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். காபி ஊற்றினாள். அவள் கோப்பையில் விளிம்புவரை இருந்தது. அவருடையதில் பாதிதான். ஹாலிஸ் இரண்டு கோப்பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்றும் பாதிதான். முந்தாநாளும். யோசித்தால், நவம்பரில் நன்றி நவிலல் நாள் விருந்திலிருந்தே பாதிதான். காபி விலை ஏறிவிட்டது, அவள் சிக்கனம் பிடிக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். எதிராளியின் கண்ணிமை ஒருமுறை கூடுதலாக அடித்தால் கண்டுபிடிக்கிற மனிதர் இதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

"எனக்கு ஏன் பாதிக் கோப்பை?" என்றார்.

"முழுசா வேணுமா?" என்று அவள் விளிம்புவரை ஊற்றினாள். ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

ஹாலிஸ் கோப்பையைப் பார்த்தார். கோப்பை அவரைப் பார்த்தது. அவர் அதைத் தொடவில்லை.

"கிளினிக்லேர்ந்து பிப்ரவரியில வீட்டு போனுக்குக் கூப்பிட்டாங்க" என்றாள் பெர்லா. "அதுக்கு முன்னாடியே தெரியும். இருபத்தெட்டு வருஷம் நான் மூஞ்சியப் பாத்து சீட்டுப் போடல ஹாலிஸ். கையப் பாத்துத்தான் போட்டேன்."

"அப்போ ஏன் நீ எதுவும்..."

"டீலர் ஆட்டக்காரன் சீட்டத் திருப்பிக் காட்டக் கூடாது. அவனாத்தான் திருப்பணும். நீ காட்டுவேன்னு உக்காந்திருக்கேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்..." விரல் விட்டு எண்ணினாள். "எந்த மேசையிலயும் ஒருத்தனுக்கு இவ்வளவு நேரம் குடுத்ததில்ல."

ஹாலிஸ் வாயைத் திறந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தைதான். ஆனால் கை மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது, மதியம் அந்தக் கை அவருக்குத் தேவைப்பட்டது. இங்கே சொல்லி, அவள் அழுது, தானும் உடைந்துபோனால் எப்படி உட்கார்ந்து ஆடுவது?

"இன்னிக்கு ஒரு நாள், பெர்லா. சாயங்காலம் பேசலாம்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு, "நானும் வரேன்" என்றாள்.

"எங்க?"

"ஆட்டத்துக்கு."

முப்பது வருஷத்தில் அவள் அவர் ஆட்டத்தைப் பார்க்க வந்ததில்லை. லீவு நாளில் யாராவது அலுவலகத்துக்குப் போவார்களா என்பாள்.

மதியம் அரங்கத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். மேசையில் பேசுவது அவர்களுக்கும் கேட்க மைக் வைத்திருந்தார்கள். கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பக்கம் டோபினின் நண்பர்கள், ஒரே நிறச் சட்டையில், ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் லானியும் பழைய ஆட்டக்காரர்களும், ஆளுக்கொரு பழைய தொப்பியோடு. அவர்களுக்கு முன்னால் பெர்லா, ஏ.சி. குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு.

இரண்டு மணி நேரம் சில்லுகள் அங்கும் இங்கும் போய் வந்தன. பிறகு அந்தச் சீட்டு வந்தது. ஹாலிஸிடம் கிளாவர் ஏழும் டைமன் நாலும். மேசையில் ஐந்து சீட்டு விரித்தாயிற்று. ஆஸ், ஜாக்கி, ஒன்பது, இரண்டு, எட்டு. அதில் மூன்று ஸ்பேட். கையில் இரண்டு ஸ்பேட் இருந்தால் ஐந்தும் ஒரே ஜாதி, ராஜா மாதிரி உட்காரலாம். ஹாலிஸிடம் ஒரு ஸ்பேட்கூட இல்லை. ஜோடியும் இல்லை. எதுவுமே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அவர் தன்னிடமிருந்த அத்தனை சில்லுகளையும் நடுவில் தள்ளினார். தள்ளிவிட்டு வலது கையைத் துணியின் மேல் வைத்தார்.

கை தன் வேலையை ஆரம்பித்தது. அன்றைக்கு என்றுமில்லாத ஆட்டம். சட்டைக் கையின் பொத்தான் மேசை விளிம்பில் பட்டுச் சத்தம் போட்டது. கேமரா அதை நெருங்கிக் காட்ட, மேலே தொங்கிய பெரிய திரையில் அந்தக் கை ஒரு வீட்டின் அகலத்துக்கு நடுங்கியது.

"ஐயையோ, சொன்னேனே, கையுறை போடுடான்னு" என்று லானி தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் கிசுகிசுத்தது. வந்துடுச்சு, டீக்கனுக்கு வந்துடுச்சு.

டோபின் நீண்ட நேரம் யோசித்தான். "டீக்கன் சார், கை பயங்கரமா ஆடுதே."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாலிஸ் வழக்கமாக இந்த இடத்தில் எதிராளியின் சில்லுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அன்று தடுப்புப் பக்கம் பார்த்தார். முந்நூறு பேர் திரையில் அவர் கையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். பெர்லா திரையைப் பார்க்கவில்லை. நேராகக் கையைப் பார்த்தாள். அவளை அறியாமல், தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்து அடக்கிக்கொண்டிருந்தாள். அது ஆடவே இல்லை. இருந்தாலும் அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஹாலிஸுக்கு அப்போதுதான் அந்த இரண்டு விளக்கங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. லாரி முதலாளியிலிருந்து லானி வரை ஊருக்கே எட்டு மாதமாகத் திறந்து காட்டியதை, ஒரே ஒருத்தியிடம் மட்டும் தொடைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார்.

"தம்பி," என்றார் டோபினிடம். கண் மட்டும் தடுப்புப் பக்கமே இருந்தது. "இதுக்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்ல. எனக்கு வியாதி. பார்க்கின்சன். நவம்பர்லேர்ந்து இருக்கு. நல்ல சீட்டுக்கும் ஆடும், கெட்ட சீட்டுக்கும் ஆடும், சும்மா டிவி பாத்தாலும் ஆடும். வீட்ல சொல்லாம இருந்தேன். பயமா இருந்துச்சு. இப்ப சொல்றேன்."

அடுத்த விநாடி கூரை அதிரக் கைதட்டல். விசில். டோபினின் நண்பர்கள்கூட எழுந்து நின்று தட்டினார்கள். வர்ணனையாளர், ஒரு மகத்தான ஆட்டக்காரரின் வாழ்நாளிலேயே தலைசிறந்த நடிப்பு இது என்றார். போக்கர்க்காரன் வாயிலிருந்து உண்மை வந்தால் அது போகவேண்டிய விலாசம் கிடைக்காமல் அலையும். அன்று அது ஒரே ஒரு விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெர்லா கம்பளிச் சட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டோபின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "செம சார். இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்ல. நடுக்கத்த நம்பாதேங்கறீங்க. அதாவது, நான் வந்து மாட்டணும்ங்கறீங்க. அப்போ உங்ககிட்ட ஸ்பேட் இருக்கு." ஆஸும் ஒன்பதுமாக இரண்டு ஜோடியைத் திருப்பிக் காட்டிவிட்டுக் கவிழ்த்தான்.

எதிராளி கவிழ்த்துவிட்டால் ஜெயித்தவன் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. காட்டவும் கூடாது. ஓசியில் தகவல் கொடுக்கிறவனை இந்த ஊர் மதிப்பதில்லை. ஹாலிஸ் தன் இரண்டு சீட்டையும் எடுத்தார். விரல்கள் வேலை செய்யும்போது நடுங்கவில்லை. சீட்டுகளைத் தடுப்புப் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தார்.

ஏழு. நாலு.

கைதட்டல் பாதியில் நின்றது. வெத்துச்சீட்டு. வெத்துச்சீட்டுக்கும் அந்தக் கை ஆடியிருக்கிறது. இப்போதும் திரையில் ஆடிக்கொண்டிருந்தது, பந்தயம் முடிந்த பிறகும்.

"சார்," என்றான் டோபின், குரலில் கணக்கெல்லாம் போய்விட்டது. "நிஜமாவா?"

"நிஜம்தான். ஆடு தம்பி."

தடுப்புப் பக்கத்திலிருந்து லானியின் குரல் மட்டும் வந்தது. "அப்போ செவ்வாய்க்கிழமை? டேய், அந்த செவ்வாய்க்கிழமை என்னடா வச்சிருந்த?"

அதன் பிறகு டோபின் ஆடியது ஆட்டமே அல்ல. ஹாலிஸ் பந்தயம் கட்டினால் கவிழ்த்தான். ஹாலிஸ் சும்மா இருந்தால் அவனும் சும்மா இருந்தான். ஒரு சுற்றில், அவனே கடைசியாக முடிவு சொல்ல வேண்டிய இடத்தில், யாராலும் தோற்கடிக்க முடியாத சீட்டை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டாமல் மேசையைத் தட்டிவிட்டான். சீட்டைத் திருப்பியதும் டீலர் பெண்ணே திகைத்துப்போய் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது இங்கே குற்றம்.

மேற்பார்வையாளர் டோபினிடம், "இது எச்சரிக்கை. இன்னொரு தடவை செஞ்சா தண்டனை" என்றார்.

"கவனிக்கல, சார்" என்றான் டோபின். கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவன்.

ஹாலிஸ் முன்னால் சாய்ந்தார். "தம்பி, எனக்குக் கைதான் சரியில்ல. கண் நல்லாத் தெரியுது. நீ பரிதாபப்பட்டுக் குடுக்கற காப்ப நான் எங்க மாட்டிக்கறது? ஒழுங்கா ஆடு. இல்ல, நானே புகார் குடுப்பேன்."

டோபின் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அன்று அந்த மூக்கு தந்த முதல் தகவல் அது. பிறகு கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ஒழுங்காக ஆடினான். ஒழுங்காக என்றால், ஈவிரக்கமில்லாமல். ஒரு மணி நேரத்தில் ஹாலிஸின் ஆஸையும் ராணியையும் அவனுடைய இரண்டு ஒன்பதுகள் தோற்கடித்தன. ஹாலிஸ் எழுந்து கை கொடுத்தார். டோபின் அந்தக் கையை விடவே இல்லை. கடைசியில் ஹாலிஸ்தான், "மன்னிக்கணும், என் மனைவி காத்துக்கிட்டிருக்கா" என்று விடுவித்துக்கொண்டு வந்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெர்லா நின்றுகொண்டிருந்தாள். ஹாலிஸ் எதிரே வந்து நின்றார். மடியில் வைக்கக் காப்பு இல்லை. சொல்ல நினைத்ததோ முன்பே மைக்கில் சொல்லியாகிவிட்டது.

"ஏழும் நாலுமா?" என்றாள் பெர்லா.

"ஆமா."

"அத வச்சா மொத்தத்தையும் தள்ளின?"

"ஆமா."

"பைத்தியக்காரா" என்று சொல்லிவிட்டு, தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தடுப்பு இருவருக்கும் நடுவில் வயிற்றில் குத்தியது. அப்படியும் இரண்டு பேரும் விலகவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் அவள் கையை நீட்டினாள். "சாவி."

ஹாலிஸ் தயங்கினார். பெர்லாவிடம் எத்தனையோ திறமைகள் உண்டு. கார் ஓட்டுவது அதில் சேர்த்தியில்லை. அவள் கடைசியாக ஓட்டியபோது பக்கத்து வீட்டுத் தபால் பெட்டி இடம் மாறியது. ஆனால் எட்டு மாதம் பொய்யோடு வீட்டுக்குள் நுழைந்தவனுக்குப் பேரம் பேசத் தகுதியில்லை. சாவியைக் கொடுத்தார்.

வெளியே இன்னும் வெயில் கொளுத்தியது. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பெர்லா தன் பையைத் திறந்து, மருந்துக்கடைச் சீட்டு ஒட்டிய ஒரு புட்டியை எடுத்தாள்.

"இது எப்போ வாங்கின?"

"பிப்ரவரியில. டாக்டர் மருந்துக்கடைக்கு எழுதி அனுப்பிட்டார் போல. கடைலேர்ந்து, உன் மருந்து தயாரா இருக்கு, தயாரா இருக்குன்னு தினம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. வாயத் திற."

"வீட்டுக்குப் போய்..."

"வாயத் திற, ஹாலிஸ்."

அவர் திறந்தார். வண்டியில் கிடந்த புட்டித் தண்ணீர் டீ சூட்டில் இருந்தது. மாத்திரை இறங்கியது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பெர்லா நடு வரிசையிலிருந்து, எந்த விளக்கும் போடாமல், இடது பக்கம் திரும்பினாள். நான்கு திசைகளிலிருந்தும் ஹாரன் கேட்டது. ஹாலிஸ் பாய்ந்து முன்னால் இருந்த பலகையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அந்தக் கை வெடவெடவென்று நடுங்கியது.

பெர்லா ஓரக்கண்ணால் பார்த்தாள். "அது ஏன் ஆடுது? வியாதி வலது கையிலதானே?"

"இது வியாதி இல்ல. நீ ரோட்டப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே ரோட்டைப் பார்த்தாள். ஒரு கையால்தான் ஓட்டினாள். இன்னொரு கை அவருடைய வலது கையின் மேல், அது ஆடினால் ஆடட்டும் என்பதுபோல் லேசாகக் கிடந்தது. இரண்டு கையாலும் ஓட்டு என்று சொல்ல ஹாலிஸுக்கு மனம் வரவில்லை.